அண்ணனுக்கு எட்டு, தங்கைக்கு ஒன்றரை

போன மாதம் பாப்பிரெட்டிப்பட்டியில் நான் முன்பு வேலை பார்த்த லேப்புக்குப் போய் என் ரத்தத்தைக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடம் ஊரார் ரத்தத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. என் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க எனக்கும் மாத்திரை எழுதிவிட்டார்கள். நான் யாருக்கெல்லாம் ரத்தம் எடுத்தேனோ அவர்கள் போட்ட அதே மாத்திரை.

மேசைமேல் புதிதாக ஒரு படிவம் இருந்தது. கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து வெளியூருக்கு அனுப்பினால், மரபணுவைப் பார்த்து, இந்த மாத்திரை இவருக்குக் கொஞ்சம் போதுமா நிறைய வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். இப்போது அங்கே டெக்னீஷியனாக இருக்கும் ரேவதி, "நீங்க அந்த அண்ணன் தங்கச்சிக்கு ரத்தம் எடுத்தவங்களாச்சே, அதை எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றாள். எழுதலாம். ஆனால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்து யாரும் படிக்க வேண்டாம்.

நான் ஏழாவது வரை படித்தவன். ஏரியூர்ப் பக்கம் பிறந்தேன். பதினைந்து வயதில் லாரி கிளீனர். பிறகு போர்வெல் வண்டியில் ஆந்திரா, கர்நாடகா என்று நாலு வருடம். பெங்களூரில் ஓட்டல், ஓசூரில் செங்கல் சூளை. எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. யாரும் விரட்டியதில்லை, எனக்கே கால் நிற்காது. சேலத்துக்குப் போக ரயில் ஏறியவன் காய்ச்சலில் பொம்மிடியில் இறங்கிவிட்டேன். ரத்தச் சோதனைக்கு இந்த லேப்புக்கு அனுப்பினார்கள். டைபாய்டு. தேறியதும் அதே லேப்பில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை கேட்டேன். கழுவினேன். இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஒரு பழைய மொபெட் கொடுத்து, நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வரச் சொன்னார்கள். அலைகிற வேலை என்பதால்தான் அங்கேயே நின்றுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

லேப்பை நடத்தியவர் மரகதம் மேடம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் கொண்டுவரும் ஒவ்வொரு குழாயையும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு ஒரே கேள்விதான்: "என்ன பார்த்தீங்க?" என்ன நினைத்தேன் என்று கேட்க மாட்டார். "அந்தம்மாவுக்கு மஞ்சக் காமாலையா இருக்கும்னு நெனைக்கிறேங்க" என்று நான் ஆரம்பித்தால், "கண்ணு மஞ்சளா இருந்துச்சா? அதைச் சொல்லுங்க, போதும்" என்பார்.

உறைதல் சோதனைக்கான குழாய்க்கு நீல மூடி. உள்ளே ரத்தத்தை உறைய விடாத ஒரு திரவம் கொஞ்சம் இருக்கும். குழாயில் ஒரு கோடு உண்டு. ரத்தம் சரியாக அந்தக் கோடு வரை வர வேண்டும். குறைந்தால் திரவம் அதிகமாகி, ரத்தம் நிஜமாக இருப்பதைவிட நீர்த்திருப்பதுபோல் எண் கூடுதலாகக் காட்டும். எடுத்தவுடன் குலுக்கக் கூடாது, நாலைந்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஐஸில் வைக்கக் கூடாது. லேப்பில் அதைச் சுற்றும் மெஷினில் போட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் எடுத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மருந்து சேர்த்து, அதே நொடியில் ஸ்டாப்வாட்சை அமுக்குவார் மேடம். சின்னக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். உள்ளே ஒரு நூல்போல இழை கட்டியதும் வாட்சை நிறுத்துவார். மாத்திரை போடாதவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நொடி. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவருக்கு முப்பது நொடிக்குப் பக்கம் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் உடம்புக்குள் எங்காவது கசியும். அந்த நொடியைக் கணக்குப் போட்டு ஒரு எண்ணாக எழுதிக் கொடுப்பார்கள். வால்வுக்காரருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

பொம்மிடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே மாதேஷ் வீடு. அவனுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போய், வளர்ந்த பிறகு மாற்றிவைத்தார்கள். ஆரம்பத்தில் அவனுக்கு மூன்று எம்ஜி கொடுத்தார்கள். எண் ஏறவே இல்லை. நான்கு, ஐந்து என்று கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் காலை டீ குடிக்கையில் வாயின் இடது ஓரமாக டீ வழிந்தது. சிறிய கட்டி ஒன்று வால்விலிருந்து கிளம்பித் தலைக்குப் போயிருந்தது. பிழைத்தான். எட்டு எம்ஜியில்தான் அவன் எண் நின்றது. ஐந்து எம்ஜி மாத்திரை ஒன்று, மூன்று எம்ஜி மாத்திரை ஒன்று. அவன் மனைவி சுமதி அதை ஒரு நாள்கூடத் தவற விட்டதில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் மனதில் பதிந்த பாடம் ஒன்றுதான்: மாத்திரை குறைந்தால் ஆபத்து.

இரண்டு வருடம் கழித்து அவன் தங்கை சென்னம்மாவுக்கும் அதே காய்ச்சலில் கெட்ட வால்வு, அதே ஆபரேஷன். கணவன் விட்டுப் போய் அண்ணன் வீட்டோடு இருந்தவள். டாக்டர் மூன்று எம்ஜி எழுதி அனுப்பினார். பத்து நாளில் எண் ஆறைத் தாண்டியது. மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, பிறகு இரண்டு எம்ஜியாகக் குறைத்தார்கள். அப்போதும் எண் கூடுதலாகவே வந்தது.

எண்ணை ஏற்றிவிடக்கூடியவை பற்றி நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். "கீரையைச் சுத்தமா நிறுத்திட்டியாம்மா?"

"இல்லீங்ணா. எப்பவும் தின்ற அளவுதான்."

"மூட்டு வலிக்குக் கடையில மாத்திரை?"

"இல்லீங்."

"சித்தேரி மலைப்பக்கம் போயி எதாச்சும் வேர் கீர்?"

"ஏங்ணா, என்னப் பாத்தா வேர் திங்கற ஆளாட்டமா தெரியுது?" என்று சிரித்தாள்.

கடைசியில் ஒன்றரை எம்ஜியில் அவள் எண் நின்றது. மூன்று எம்ஜி மாத்திரையைச் சுமதி அரிவாள்மணையில் வைத்துப் பாதியாக்கிக் கொடுப்பாள். அண்ணனுக்கு எட்டு. தங்கைக்கு ஒன்றரை. ஒரே பெட்டியிலிருந்து.

அது எனக்குப் பிடிபடவே இல்லை. ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பது தெரியும். எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கிறேன். ஆனால் கூடப் பிறந்தவர்களுக்கு ஐந்து மடங்கு மாறுமா?

ஒரு முறை ரத்தம் எடுக்கப் போனபோது சென்னம்மா இடது கையை உதறிக்கொண்டே இருந்தாள். "காலையிலிருந்து மதமதன்னு இருக்குதுங்க" என்றாள். எடுத்துவிட்டு வெளியே வந்தேன். மொபெட் வரைக்கும் சுமதி கூடவே வந்தாள்.

"லேப்பண்ணா, அவருக்கு வாய் கோணறதுக்கு முன்னால இப்படித்தாங்க கை மதமதன்னு இருந்துச்சு. இவளுக்கு ஒன்றரை பத்தலைங்க. எனக்குப் படுது. டாக்டரைப் பாக்க இன்னும் ரெண்டு வாரம் கெடக்குது. அண்ணனுக்கு எட்டுங்க, இவளுக்கு ஒன்றரையா? ஒரே தாய் வயித்துப் புள்ளைங்கதானே?"

அதற்கு முந்தைய முறை எடுத்த குழாயில் ரத்தம் கோடு வரை நிறைந்ததா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. வராததால், குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். குறைந்திருந்தால் எண் பொய்யாகக் கூடியிருக்கும். நிஜ எண் அதைவிடக் குறைவு. ஆகவே சுமதி சொல்வது சரி. என் மண்டைக்குள் அது அவ்வளவு ஒழுங்காக வந்து உட்கார்ந்தது.

"ஒரே ரத்தம்தானேம்மா" என்றேன். "அவரு போடற ரெண்டு மாத்திரையிலயும் பாதிப் பாதி ஒடச்சுக் குடு. டாக்டரைப் பாக்கிற வரைக்கும்."

நான்கு எம்ஜி. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேனா, தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்டேனா?

அன்று எடுத்த ரத்தத்தில் எண் இரண்டு புள்ளி எட்டு வந்தது. அளவான எண். குழாயை மேடம் சன்னலில் பிடித்துப் பார்த்தபோது நானும் பார்த்தேன். கோடு வரை ரத்தம் இருந்தது. "என்ன பார்த்தீங்க?" என்றார். "கை மதமதங்குதுங்களாம்" என்றேன். "எந்தக் கை? எப்பவிருந்து? டாக்டருக்குச் சொல்லிடறேன்" என்று எழுதிக்கொண்டார். மொபெட் பக்கத்தில் நின்று நான் சொன்னதைச் சொல்லவில்லை. எண் சரியாக இருக்கிறதே, இனி வேண்டாம் என்று சுமதிக்காவது போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஒரே ரத்தம் என்ற நினைப்பு அந்த எண்ணைவிட எனக்குள் பலமாக இருந்தது. கை மதமதப்பு ஒருக்களித்துப் படுத்துக் கை அழுந்தியதால்தான் என்று டாக்டர் பார்த்துச் சொன்னது பிற்பாடு.

பதினோராவது நாள் போனேன். சென்னம்மா வாசலில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பல் விளக்கும்போது ரத்தம் வருகிறது, நிற்கவில்லை என்றாள். வாய்க்குள் பார்த்தேன். ஈறு முழுக்கச் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. முழங்காலுக்கு மேல் கத்திரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்றாள். இரண்டு நாளாக வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்று சுமதி என் காதோடு சொன்னாள். இது எல்லாம் எனக்குத் தெரிந்த அறிகுறிகள். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த அறிகுறிகள்.

ரத்தம் எடுத்தேன். கோடு வரை நிறைந்ததை இரண்டு முறை பார்த்தேன். ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அமுக்கினேன். வழக்கமாக அவளுக்கு ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் பஞ்சைத் தூக்கினேன், ரத்தம் எழும்பி வந்தது. வேறு பஞ்சு. பத்து நிமிடம். மறுபடியும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு இரண்டு கட்டை விரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விரல் மரத்துப்போயிற்று.

"என்னங்ணா, கோழி அமுக்கறாப்பல அமுக்கறீங்க" என்றாள் சென்னம்மா. உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"இன்னிக்கு மாத்திரை போட வேண்டாம்" என்று சுமதியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இருபதாவது நிமிடத்தில் நின்றது. இறுக்கிக் கட்டிவிட்டு மொபெட்டை விரட்டினேன்.

மேடம் மருந்தைச் சேர்த்து வாட்சை அமுக்கினார். நான் பின்னால் நின்றேன். முப்பது நொடி. அறுபது. சாய்க்கிறார், நிமிர்த்துகிறார். இரண்டு நிமிடம் ஆயிற்று. இழை கட்டவில்லை. நீர் நீராகவே ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மறுபடி சன்னலில் பிடித்துக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன பார்த்தீங்க?"

ஈறு, தொடைத் திட்டு, கறுப்பு மலம், இருபது நிமிடம் என்று சொன்னேன்.

"வேற?"

பார்த்தது அவ்வளவுதான். பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்பது அவர் போட்ட விதி. அதற்குள் ஒளிந்துகொள்ள எனக்கு இடம் இருந்தது. ஆனால் எவ்வளவு மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று தெரியாமல் டாக்டர் என்ன செய்வார்?

"பதினொரு நாளா நாலு எம்ஜி போடறாங்க மேடம். போடச் சொன்னது நான்தாங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நாலு. பதினொரு நாள்" என்று பென்சிலால் எழுதினார். போனை எடுத்து 108-க்குச் சொன்னார். பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் இரண்டு நிமிடமாகியும் இழை கட்டாததையும், எத்தனை எம்ஜி எத்தனை நாள் என்பதையும் சொன்னார். செயற்கை வால்வு என்பதை இரண்டு முறை சொன்னார். உறைய வைக்கும் மருந்தை அதிகம் கொடுத்துவிட்டால் வால்வு அடைத்துக்கொள்ளும் என்று போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னார். கசிவை நிறுத்த வேண்டும், அடைக்கவும் விடக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் சென்னம்மா மூன்று நாள் கிடந்தாள். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாளாம்.

மேடம் அதைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. "கோவிந்தன், நீங்க பார்த்ததைச் சொல்லத்தான் உங்களை அனுப்பறேன். நெனைச்சதைச் சொல்லறதுக்கு இல்லீங்க." மறுநாள் வழக்கம்போல் என் கையில் முகவரிச் சீட்டைக் கொடுத்தார். என்னை ஏன் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது மாதேஷ் தன் மனைவியைக் காட்டி, "கண்ணு தெரியாத முண்டத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்கிறேனுங்க. என் மாத்திரையை மாத்தித் தங்கச்சிக்குக் குடுத்திருக்குது" என்றான். சுமதி தலை நிமிராமல் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் மாட்டைப் பார்க்கப் போனதும் கேட்டேன்.

"ஏம்மா நீயே மாத்திக் குடுத்ததாச் சொன்னே?"

"உங்க பேரைச் சொன்னா உங்களை வேலையில வெச்சிருப்பாங்களா? அப்புறம் இந்தக் காட்டு வூட்டுக்கு ரத்தம் எடுக்க எவன் வருவான்?" என்றாள். நான் ஏற்கெனவே சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை.

சில வருடம் கழித்து அவர்கள் பார்க்கும் டாக்டர் இருவருக்கும் கன்னத்தில் துடைத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு பக்க ஆங்கில ரிப்போர்ட் வந்தது. என்னால் படிக்க முடியவில்லை. மேடம் படித்துச் சொன்னார். மாத்திரையை ஈரல்தான் உடைத்து வெளியேற்ற வேண்டும். சென்னம்மாவின் ஈரல் அந்த வேலையை மிக மெதுவாகச் செய்கிறது. நேற்றுப் போட்டது தீர்வதற்குள் இன்றைக்குப் போட்டது வந்து சேர்ந்துவிடுகிறது. மாதேஷுக்கு ஈரல் சரி. ஆனால் மாத்திரை போய்ப் பிடிக்க வேண்டிய இடம் அவனுக்குச் சுலபத்தில் பிடி கொடுப்பதில்லை. அதனால் நிறைய வேண்டும். தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு வருகிறது. எந்தப் பங்கு எந்தப் பிள்ளைக்கு என்பதில் வரிசை கிடையாது. இது தெரிந்தாலும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதை விட முடியாது, வயது, சாப்பாடு, வேறு மாத்திரை எல்லாம் அளவை மாற்றும் என்றும் சொன்னார்.

நான் போய் அப்படியே ஒப்பித்தேன். மாதேஷ், "ஏனுங்ணா, அப்ப எங்களுக்கு அப்பன் ஒருத்தன்தானே?" என்றான்.

"உங்க ஆத்தா இருந்து இதைக் கேட்டிருக்கணும். வெளக்குமாத்தாலயே சாத்தியிருக்கும்" என்றாள் சுமதி.

ஒரே அப்பன் பிள்ளைகளுக்கு இது எப்படி என்று மேடத்திடம் திரும்பி வந்து கேட்டேன். "ஒரே ஆடு போட்ட ரெண்டு குட்டி, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு புள்ளி. பார்த்ததில்லீங்களா?" என்றார். ஆட்டுக்குட்டி எனக்கு விளங்கியது. நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே கிண்ணத்தில் சோறு தின்று, ஒரே காய்ச்சலில் படுத்து, ஒரே வால்வு வைத்துக்கொண்ட இருவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று இவ்வளவு வேறாக இருந்தது எப்படி என்பது இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. இருவர் ரத்தமும் குழாயில் ஒரே சிவப்பாகத்தான் இருந்தது. நான் பார்த்தது அதைத்தான்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும். மாதேஷ் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். மாத்திரை மாறிப்போனது சுமதியின் கண்ணால் அல்ல. என் வாயால்.

போன மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ரேவதியிடம் கையை நீட்டினேன். நீல மூடிக் குழாய். ரத்தம் கோடு வரை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சை வைத்து நானே அமுக்கிக்கொண்டேன். அப்போது சென்னம்மா உள்ளே வந்தாள். இப்போதெல்லாம் பஸ் பிடித்து அவளே வந்து எடுத்துக்கொள்கிறாள். அதே ஒன்றரை எம்ஜிதான். என் கையைப் பார்த்தாள், குழாயின் மூடியைப் பார்த்தாள்.

"என்னங்ணா, நீங்களும் நம்ம கட்சியா? எத்தனை எம்ஜி?"

"மூணு. இன்னும் நிக்கலை, பாத்துக்கிட்டிருக்காங்க."

"அட, எதுக்குப் பாக்கறது? எங்கண்ணன் மாத்திரையில பாதிப் பாதி ஒடச்சுப் போட்டுக்குங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு ஆம்புலன்ஸ்லயே அண்ணி அழுதுக்கிட்டே சொல்லிடுச்சுங்க."

"இத்தனை வருஷமா கேக்கலையேம்மா."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் விரலைத் தள்ளிவிட்டுத் தன் கட்டை விரலைப் பஞ்சின்மேல் வைத்து அழுத்தினாள். "நீங்க சரியா அமுக்கலை. நான் புடிக்கறேன், இருங்க. அன்னிக்கு இருவது நிமிசம் நீங்க புடிச்சீங்கல்ல" என்றாள்.

ஐந்து நிமிடத்தில் ரத்தம் நின்றுவிட்டது. ரேவதி பார்த்துச் சொன்னாள். சென்னம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டே இருந்தாள்.